தண்ணீர் வாங்கப் போன கணவர்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை மேசை நாலு என்றுதான் சொன்னார்கள். மொத்தம் ஆறு மேசைகள். மற்ற ஐந்திலும் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கல்யாணம் ஆகிப் போனார்கள், வேறு வேலை கிடைத்துப் போனார்கள். ஒருத்தி காது வலிக்கிறது என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனவள், போனவள்தான். நாலாவது மேசை மட்டும் இருபத்தொரு வருடமாக அசையவில்லை. மேசையின் பெயர் மெல்ல மெல்ல ஆளின் மேல் ஒட்டிக்கொண்டது.

அது பயணக் காப்பீட்டுக் கம்பெனி. வெளிநாட்டில் ஒருவர் பாஸ்போர்ட்டைத் தொலைத்தால், படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டால், டாக்ஸிக்காரன் பெட்டியோடு கம்பி நீட்டிவிட்டால், அட்டையில் அச்சடித்த எண்ணைக் கூப்பிடுவார். மணி அவள் மேசையில் அடிக்கும். எடுத்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இப்ப நிக்கறீங்களா, உக்காந்திருக்கீங்களா?" நிற்கிறேன் என்பார்கள். "முதல்ல உக்காருங்க. முதுகு சுவத்துல படற மாதிரி." உட்கார்ந்ததும் சிலர் அழுதுவிடுவார்கள். அழட்டும் என்று விட்டுவிடுவாள். அழுது முடித்தவர்கள்தான் தெருப் பெயரைச் சரியாகச் சொல்வார்கள் என்பது அவள் அனுபவம்.

கிளம்புகிறவர்களுக்குக் கொடுக்கும் நாலு பக்கத் தாளையும் அவளேதான் எழுதினாள். பாஸ்போர்ட் நகல் ஒன்று பையில், ஒன்று வீட்டில். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். தானாக வந்து நிற்கும் டாக்ஸியில் ஏறாதீர்கள், நீங்கள் கைகாட்டி நிறுத்தியதில் ஏறுங்கள். வரைபடத்தை நடுத்தெருவில் விரிக்காதீர்கள், ஒரு கடைக்குள் போய் விரியுங்கள். படிக்கும்போது சட்டம் மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ஆள் இருந்தார். பணத்தைப் பிரிக்கச் சொன்ன வரி, கையிலிருந்த மொத்தத்தையும் ஒரே காலுறைக்குள் வைத்து, அந்தக் காலுறையைச் சலவைக்குப் போட்ட ஒரு கணக்கு வாத்தியாரால் வந்தது. டாக்ஸி வரி ஒரு புதுமணத் தம்பதியால். வரைபட வரிக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

இத்தனையும் எழுதியவள் எங்கும் போனதில்லை. அறுபது ஊர்களுக்குக் குறையாமல் தெரியும். எந்த ரயில் நிலையத்தில் எந்த வாசலுக்குப் பக்கத்தில் போலீஸ் இருக்கும், எந்த ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமையும் எலும்பு டாக்டர் கிடைப்பார், எந்தப் பாலத்தின் மேல் கூட்டத்தோடு கூட்டமாகப் பை அறுப்பார்கள், எல்லாம் விரல் நுனியில். அந்த ஊர்களின் வாசனை மட்டும் தெரியாது. அப்பா படுக்கையில் கிடந்த எட்டு வருடத்தில் அவளுடைய கல்யாணப் பேச்சு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு தள்ளிப்போடவும் ஆளில்லாமல் பேச்சே நின்றது. தம்பி குடும்பத்தோடு இருந்தாள். குடும்பமாக எங்காவது பஸ்ஸில் போனால் ஏறியதும் அவசர வழி எங்கே என்று பார்த்து வைப்பாள். "அக்கா, இது மூணாம் நம்பர் பஸ். அடுத்த ஸ்டாப்புல இறங்கப் போறோம்," என்பான் தம்பி. அவள் அதற்குள் கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் கம்பியில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒவ்வொரு ஊரிலும் கம்பெனிக்கு ஒரு கூட்டாளி அலுவலகம் உண்டு. அவள் இங்கிருந்து சொல்வாள், அங்கே ஒருவர் நேரில் ஓடுவார். அதில் ஒரே ஒரு ஊரில், பத்தொன்பது வருடமாக ஓடியது ஒரே ஆள். முதல் நாள் அவள் அந்த எண்ணைக் கூப்பிட்டு, மேசை நாலு பேசுகிறேன் என்று தப்பும் தவறுமாக ஒரு வெளிநாட்டு வாக்கியத்தை ஆரம்பித்தபோது, "தமிழ்லயே சொல்லுங்க, மேசை நாலு, பாதி நேரம் மிச்சம்," என்று ஒரு குரல் வந்தது. அன்றைக்கு ஒரு வயதான அம்மா பஸ் மாறி ஏறி, ஊருக்கு வெளியே ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் கழித்து அந்தக் குரல் திரும்பக் கூப்பிட்டது. "கெடச்சாச்சு. டீ குடிச்சிட்டிருக்காங்க." அவள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். அந்த மூச்சு முடியும்வரை அவர் லைனை வைக்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு தடவைகூட அதற்கு முன்னால் வைத்ததில்லை.

மற்ற மேசைக்காரர்கள் அவருக்கு மறுமுனை என்று பெயர் வைத்தார்கள். "அக்கா, உங்க மறுமுனை லைன்ல!"

லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். திங்கட்கிழமைகளில் மேலதிகாரி சிலவற்றை எடுத்துப் போட்டுக் கேட்பார். சொந்த எண், விலாசம், புகைப்படம், மூன்றையும் கூட்டாளி அலுவலகத்தாரோடு பரிமாறக் கூடாது, பரிமாறினால் வேலை போய்விடும். அதனால் அவர்கள் பேசியதெல்லாம் வேலைப் பேச்சுதான். "அங்க மழையா?" என்று கேட்பது வேலை. தரை வழுக்கும், பயணிக்குச் சொல்ல வேண்டும். "நீங்க குடை எடுத்துட்டுப் போனீங்களா?" என்பது எந்த ஃபைலிலும் சேராத கேள்வி. அதை அவள் மழையைப் பற்றிய கேள்விக்கு அடியில் செருகிவிடுவாள். இப்படிச் செருகிச் செருகியே, அவர் தனியாக இருக்கிறார், பல் டாக்டர் என்றால் நடுங்குவார், தங்கை பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஒருமுறை ஆஸ்பத்திரி வராந்தாவில், யாரோ ஒரு பயணியின் அறுவை முடிவதற்காக ஐந்து மணி நேரம் லைனைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இருவரும் எதுவும் பேசவில்லை. அவள் இங்கே மற்ற வேலைகளைப் பார்த்தாள். ஒரு காதில் அந்த வராந்தாவை யாரோ துடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மாதிரி ஒரு நாள் மறுபடி அமையவில்லை.

தனியாகப் போகும் பெண்களுக்காக அவள் தாளில் ஒரு வரி எழுதியிருந்தாள். முன்பின் தெரியாதவர் வந்து பேச்சுக் கொடுத்தால், முகத்தைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு, 'என் கணவர் தண்ணீர் வாங்கப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார்' என்று சொல்லுங்கள். அதைப் பதினோரு மொழிகளில், எப்படி உச்சரிக்க வேண்டுமோ அப்படியே தமிழில் எழுதி இணைத்திருந்தாள். சொல்லிச் சொல்லிப் பதினொன்றும் அவளுக்கே மனப்பாடம்.

அதனால் அடி வாங்கியது மறுமுனைதான். "மேடம், உங்க பயணியைக் காப்பாத்தப் போனா, என்னையே வெரட்டறாங்க. இந்த மாசத்துல மட்டும் ஆறு பேரோட வீட்டுக்காரங்க தண்ணி வாங்கப் போயிருக்காங்க. எங்க ஊர்ல தண்ணிப் பஞ்சம்னு நெனச்சுடப் போறாங்க."

"அட்டையைக் காட்டுங்க சார்."

"அட்டையைக் காட்டறதுக்குள்ள, ஒருத்தி பையால ஒரு போடு போட்டுட்டா."

"நல்ல பொண்ணு."

"நீங்க அடிவாங்கினவன் பக்கமே இல்ல."

ஒரு வசந்த காலத்தில் கம்பெனி கூட்டாளியை மாற்றியது. மறுமுனையின் அலுவலகம் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணியோடு மூடப்படும். மறுநாளிலிருந்து வேறு அலுவலகம், வேறு எண், வேறு குரல். சுற்றறிக்கை ஒரு பக்கம்தான். அவள் அதை மூன்று முறை படித்தாள். ஆறு மணிக்கு லைனைத் துண்டித்துவிட்டால் அந்த மனிதரிடம் போக அவளுக்கு உலகத்தில் ஒரு வழியும் கிடையாது என்பது மூன்றாவது முறைதான் புரிந்தது. பத்தொன்பது வருடம், ஒரு ஆள், ஒரே ஒரு கம்பி.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "நாலு நாள் லீவு போட்டிருக்கேன்."

"நாலு நாளா?" என்றாள் தம்பி மனைவி. "உங்களுக்கு நானூறு நாள் பாக்கி இருக்குமே அண்ணி."

எந்த ஊர் என்று சொன்னாள். தம்பி கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "அங்க யாரு இருக்கா?"

"வேலை விஷயம்."

"வேலை விஷயத்துக்கு யாராவது தலைக்கு மை அடிச்சுக்குவாங்களா?" தம்பி மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பை நகர்த்தி வைத்தாள். "காலையிலேயே பார்த்தேன். காதோரம் இன்னும் ஒட்டியிருக்கு, துடைங்க."

தம்பி எழுந்து போய், அவள் எழுதிய நாலு பக்கத் தாளைக் கொண்டுவந்து அவள் முன் போட்டான். "அக்கா, படிச்சுப் பார்த்துட்டுக் கீழ கையெழுத்துப் போடு. அப்புறம் தெரியாதுன்னு சொல்லக் கூடாது."

கடைசிக்கு முந்தைய பேச்சு ஒரு திங்கட்கிழமை வாய்த்தது. அவள் எந்த விமானத்தில் வருகிறாள் என்பதை அவருக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

"முப்பத்தொண்ணாம் தேதி நான் லீவு," என்றார் மறுமுனை.

"கடைசி நாள் அன்னிக்கா?"

"அன்னிக்காவது போடறேனே. விமான நிலையத்துக்கு நானே வரேன். வெளியே வர்ற வழியில தகவல் கவுண்டர் இருக்கும், மேல கடிகாரம் இருக்கும். அங்கயே நில்லுங்க. பேரெழுதின பலகை ஏதாவது பிடிச்சுக்கிட்டு..."

"பலகையெல்லாம் கூடாது. அதைப் பார்த்துட்டு வேற எவனாவது முன்னாடி வந்து கூட்டிட்டுப் போயிடுவான். ரெண்டாம் பக்கம்."

"சரி. என்ன கலர்ல வருவீங்க?"

"அதை லைன்ல சொல்லக் கூடாது. மூணாம் பக்கம்."

அவர் சிரித்தார். சிரித்து முடித்து, குரலைத் தாழ்த்தி, "என் நம்பரைச் சொல்லட்டுமா?" என்றார்.

மேலதிகாரி பதிவைக் கேட்கும் திங்கட்கிழமை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த எண்ணை அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தன் கையில் தருவதை அவள் பலமுறை மனசுக்குள் பார்த்திருந்தாள். "நேர்ல குடுங்க," என்றாள்.

"எப்படி உங்களைக் கண்டுபிடிக்கறது?"

"பார்த்தா தெரியாதா?"

தனக்கு அவரைத் தெரியும் என்றுதான் நினைத்தாள். உயரமானவர். லேசாகக் கூன். அடர்ந்த முடி, காதோரம் மட்டும் நரை. அவசரமில்லாமல் நடப்பவர். எப்போது எந்த வருடத்தில் இந்த உருவம் வந்து சேர்ந்தது என்று அவளுக்கு நினைவில்லை. குரலோடு ஒட்டிப் பிறந்தது மாதிரி இருந்தது.

விமானம் பகல் பன்னிரண்டுக்கு இறங்கியது. கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு தூண் இருந்தது. தூணில் முதுகைச் சாய்த்து, பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்து, கைப்பையின் வாரைக் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றாள். கதவு திறந்து திறந்து மூடியது. ஆட்கள் வந்தார்கள், யாரோ ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள், பெட்டிகள் உருண்டன. தரையைத் துடைக்கும் மருந்தின் வாசனையும் யாரோ உரித்த ஆரஞ்சின் வாசனையும் கலந்து வந்தது. இந்த ஊருக்கு இப்படியொரு வாசனை என்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். தனியாக நின்ற பெண்கள் அவளைத் தவிர ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

உயரமான ஆண்களை மட்டும் பார்த்தாள். ஒருவர் வந்தார், கூன்கூட இருந்தது. தூணிலிருந்து முதுகை எடுத்தாள். அவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இடது பக்கத்திலிருந்து யாரோ நெருங்கி வந்து நின்றது தெரிந்தது. அந்த ஊர் மொழியில், யாராவது உங்களை அழைத்துப்போக வருகிறார்களா என்று ஒரு ஆண் குரல் கேட்டது. அதே நேரம் மேலே ஏதோ விமானத்தை அறிவித்தார்கள். அவள் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியிராதபடிதானே எழுதி வைத்திருந்தாள். தோளுக்கு மேலாகக் கடிகாரத்தைப் பார்த்தபடி, அதே மொழியில், ஒரு எழுத்துப் பிசகாமல், என் கணவர் தண்ணீர் வாங்கப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்றாள்.

கொஞ்ச நேரம் அவர் நகரவில்லை. பிறகு மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. இருபத்தொரு வருடமாக ஊருக்குச் சொன்னதை முதல் தடவையாகத் தானே சொல்லி, அது வேலை செய்திருக்கிறது. மறுமுனை வந்ததும் இதை முதலில் சொல்ல வேண்டும், விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தாள்.

ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. ஒலிபெருக்கியில் கூப்பிடச் சொல்லலாமா என்று கவுண்டர் வரை போனாள். தனியாக ஒரு பெண் இன்னாருக்காகக் காத்திருக்கிறாள் என்று ஊருக்கே அறிவிப்பதா என்று திரும்பி வந்தாள். இரண்டரைக்கு, தானாக வந்து நின்ற இரண்டு டாக்ஸிகளை விட்டுவிட்டு, கைகாட்டி நிறுத்திய மூன்றாவதில் ஏறி ஹோட்டலுக்குப் போனாள். கண்ணாடிக்கு வெளியே அவள் பெயர் தெரிந்து வைத்திருந்த தெருக்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவள் எதையும் பார்க்கவில்லை. வரவில்லையே, வரவில்லையே என்று ஒரே வார்த்தை சக்கரத்தோடு சேர்ந்து உருண்டது.

ஐந்தாவது மாடியில் அறை. படிக்கட்டுவரை எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொண்டே போனாள். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டு, நாற்காலியை இழுத்துக் கதவோடு ஒட்டி வைத்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரமோ என்னவோ அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐந்து இருபதுக்கு எழுந்து, அறைத் தொலைபேசியில், பத்தொன்பது வருடமாக விரலுக்கு மனப்பாடமான அந்த எண்ணை அழுத்தினாள். அந்த எண்ணில் முதல் தடவையாக வேறு குரல் வந்தது. ஒரு பெண். சின்ன வயசு, பின்னால் பெட்டிகளை நகர்த்தும் சத்தம்.

"மேசை நாலு பேசறேன்," என்றாள்.

"ஐயோ, மேடம்! நீங்களா? எங்கே இருக்கீங்க?" தமிழ்தான். "நான் சார் பக்கத்து சீட்டு. ஒரே ஒரு நிமிஷம் இருங்க, கதவை மூடிட்டு வரேன்."

வந்தாள்.

"அவர் வரலையே," என்றாள் மேசை நாலு.

"வந்தார் மேடம். காலையிலே பத்து மணிக்கே போயிட்டார். ரெண்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணினார். 'வந்துட்டாங்கம்மா, பார்த்துட்டேன். ஆனா தனியா வரலை. வீட்டுக்காரர் கூட வந்திருக்கார், தண்ணி வாங்கப் போயிருக்காராம்'னார். குரலே இல்ல. நான் சொன்னேன், சார், அது நம்ம தாள்ல இருக்கற டயலாக் ஆச்சே, அதைச் சொல்லி எத்தனை பேர் உங்களை வெரட்டியிருக்காங்கன்னு. 'ஐயோ, திரும்பிப் போறேன்'னார். அப்புறம் போனைக்கூட வைக்காம ஓடிட்டார். பாதி வழி வந்தவர் திரும்பி விமான நிலையத்துக்கே போனார். நீங்க அதுக்குள்ள..."

மேசை நாலு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மேடம்? உக்காந்திருக்கீங்களா?"

"உக்காந்திருக்கேன்."

"அவர் போனுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன். எடுக்கலை. கூட்டத்துல போனை வெளியே எடுக்கமாட்டார், உங்களுக்குத் தெரியாததா."

"தெரியும்."

"நம்பரை உங்களுக்குக் குடுக்கலாம்னு பார்த்தா, பதிவாகுது மேடம். புதுக் கம்பெனியிலயும் எனக்கு வேலை சொல்லியிருக்காங்க."

"வேண்டாம்மா. குடுக்காதே."

"நீங்க எந்த ஹோட்டல்? அவர் மறுபடி கூப்பிட்டா சொல்றேன். ஆறு மணி வரைக்கும் நான் இருப்பேன். அப்புறம் லைனைப் புடுங்கிடுவாங்க."

முகம் தெரியாத யாரிடமும் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று சொல்லாதீர்கள் என்று எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள். இப்போது ஹோட்டல் பெயரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள். கேட்காமலே, "அஞ்சாவது மாடி, ஐந்நூத்திப் பன்னிரண்டு," என்றும் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். சரியாக இருந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தாள். பழுப்புச் செருப்பு. இல்லை, ஷூ. ஒரு ஷூவில் கயிறு அவிழ்ந்திருந்தது. கையில் ஒரு காகிதப் பை, அதன் வாயை இரண்டு மூன்று முறை மடித்திருந்தது. சட்டைக் கை இஸ்திரி போட்டு விறைப்பாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் கடிகாரம்தான் இருந்தது. பன்னிரண்டு நாற்பத்து மூன்று. எந்த நிமிடத்தில் சந்தித்தோம் என்று அவளால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும். யாரைச் சந்தித்தோம் என்று சொல்ல முடியாது. கை நீட்டினால் தொடும் தூரம். பத்தொன்பது வருடம் காதிலேயே இருந்தவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து நின்று, பதில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஐந்து ஐம்பது. ஆறு. ஆறு ஐந்துக்கு அந்த எண்ணை மறுபடி அழுத்தினாள். மணி அடிக்கவில்லை. நீளமாக ஒரு இரைச்சல். அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தில் ஒருத்தி துணிகளை ஒவ்வொன்றாக உதறி உதறி உள்ளே எடுத்தாள். கடைசித் துணியும் போனது. கொடி மட்டும் ஆடியது.

ஆறே முக்காலுக்கு அறைத் தொலைபேசி அடித்தது. இரண்டாவது மணிக்கு எடுத்தாள்.

"மேடம்."

அந்தக் குரல்தான். கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"கீழே இருக்கேன். ரூம் நம்பர் தெரியும்னு சொன்னேன், மேலே விட மாட்டேங்கறாங்க. போன்ல பேசுங்கன்னு குடுத்துட்டாங்க."

"சரியாத்தான் செய்யறாங்க."

"அதான். நானும் பாராட்டிட்டேன்."

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் தமிழ்ல கேக்கலை?"

"மூணு பேர்கிட்ட தமிழ்ல கேட்டுப் பார்த்தேன். மூணாவது பொம்பளை போலீஸைக் கூப்பிடறேன்னா. நாலாவதா நீங்க."

"என்னைப் பார்த்ததும் தெரியலையா?"

கீழே யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போனது ரிசீவரில் கேட்டது.

"தெரிஞ்சுது. தூண்ல சாஞ்சு நின்ன மாதிரியைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. அதனாலதான் திரும்பிப் போயிட்டேன். அந்த வாக்கியத்தை எத்தனை பேர் எங்கிட்டச் சொல்லியிருக்காங்க, ஒருத்தரையும் நான் நம்பினதில்ல. நீங்க சொன்னதும் நம்பிட்டேன். உங்களுக்கு ஒருத்தர் இருக்கணும்னுதான் தோணிச்சு."

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நீங்க என்னைப் பார்க்கவே இல்ல," என்றார்.

"இல்ல."

"முன்னாடியே சொல்லிடறேன். நான் உயரமெல்லாம் கிடையாது. முன்பக்கம் வழுக்கை. அப்புறம் ஏமாந்துடாதீங்க."

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்க மாட்டீங்க. அதான் சொல்லிட்டேன். கீழே வரீங்களா?"

"வரேன்," என்றாள். ஆனால் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. கதவோடு ஒட்டியிருந்த நாற்காலியைப் பார்த்தாள். லிஃப்டில் போனால் ஒரு நிமிடம். ஒரு நிமிடத்தில் அந்த உயரமானவர், லேசாகக் கூன் விழுந்தவர், காதோரம் மட்டும் நரைத்தவர், எங்கேயோ போய்விடுவார். அவரை இனிமேல் எந்த எண்ணிலும் கூப்பிட முடியாது.

"ஒரு நிமிஷம் வெக்காதீங்க," என்றாள்.

"சரி."

"ஏதாவது பேசுங்க."

"என்ன பேசறது?"

"எப்பவும் பேசறதுதான்."

அவர் பேசினார். கீழே ஒரு மீன்தொட்டி இருக்கிறது, அதில் ஒரே ஒரு மீன், அதுவும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார். வரவேற்பில் இருக்கும் ஆள் பிஸ்கட்டை ஒளித்து வைத்துத் தின்கிறான், இப்போது ஐந்தாவது என்றார். வெளியே தூறல் போட ஆரம்பித்திருக்கிறது, குடை இல்லை என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். கதவிலிருந்து நாற்காலியை நகர்த்த வேண்டும். அவர் ஆறாவது பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிசீவரின் சுருள் கம்பி இழுபட்டு இழுபட்டு நேராகும்வரை, அது எட்டுமட்டும், அவள் கதவை நோக்கி நடந்தாள்.